நரம்பு வலிக்கு லேசர் ஒளி: அது செய்வதும் செய்யாததும்

நரம்பியல் வெளிநோயாளர் பிரிவுக்கு வருவோரும் அவர்தம் குடும்பத்தாரும் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. “பாதத்தில் எரிச்சலும் மரத்துப்போதலும் இருக்கின்றன. லேசர் வைத்தால் நரம்பு சரியாகிவிடும் என்கிறார்கள். வைத்துக்கொள்ளலாமா?” சிலர் பத்து ‘சிட்டிங்’, இருபது ‘சிட்டிங்’ என்று முன்பணம் கட்டிவிட்டு வந்து கேட்கின்றனர். வேறு சிலர், லேசர் தொடங்கியதும் மாத்திரைகளை நிறுத்திவிடலாமா என்று கேட்கின்றனர்.

இக்கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் விடை கூற இயலாது. ஏனெனில் இதனுள் இரு கேள்விகள் இருக்கின்றன. வலி குறையுமா என்பது ஒன்று. பழுதடைந்த நரம்பு குணமாகுமா என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் மருத்துவ அறிவியல் இன்று தரும் விடைகள் வெவ்வேறானவை. அவ்வேறுபாட்டை நோயாளிகளும் உடனிருந்து கவனிப்போரும் அறிந்துகொள்வதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

எந்த லேசரைப் பற்றிப் பேசுகிறோம்?

லேசர் என்றவுடன் கண் அறுவை சிகிச்சையோ, சிறுநீரகக் கல்லை உடைப்பதோ நினைவுக்கு வரலாம். அவை வெப்பத்தாலும் விசையாலும் திசுவை வெட்டவோ உடைக்கவோ செய்யும் ஆற்றல் மிகுந்த லேசர்கள். இங்கு நாம் பேசுவது குறையாற்றல் லேசர். இதன் திறன் பெரும்பாலும் 500 மில்லிவாட்டுக்குள் இருக்கும். தோலின்மீது வைத்தால் சூடு தெரியாது, அல்லது இளஞ்சூடே தெரியும். இதன் ஒளி சிவப்பு நிறத்திலோ, கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்புப் பகுதியிலோ அமைந்திருக்கும். அலைநீளத்தில் சொன்னால் ஏறத்தாழ 600 முதல் 1,100 நானோமீட்டர் வரை. இச்சிகிச்சையை இப்போது மருத்துவ நூல்கள் ஃபோட்டோபயோமாடுலேஷன் என்று குறிப்பிடுகின்றன. ஒளியைக் கொண்டு உயிர்ச் செயல்களைச் சீரமைத்தல் என்பது அதன் பொருள்.

இம்முறை எதிர்பாராமல் கண்டறியப்பட்டது. முதல் லேசர் கருவி 1960இல் அமெரிக்காவில் தியோடர் மைமன் என்பவரால் உருவாக்கப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1967இல், ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர் என்னும் மருத்துவர் எலிகளின் முதுகு முடியை மழித்து, அவ்விடத்தில் ரூபி லேசர் ஒளியைச் செலுத்திப் பார்த்தார். லேசர் ஒளியால் புற்றுநோய் தோன்றுமா என்பது அவரது கவலை. புற்றுநோய் தோன்றவில்லை, மாறாக, ஒளி பட்ட எலிகளுக்கு மழித்த முடி விரைவாக வளர்ந்தது. செல்களைச் சுடாமல் அவற்றின் செயலை மட்டும் மாற்றும் தன்மை மெல்லிய லேசர் ஒளிக்கு உண்டு என்ற எண்ணம் அங்கிருந்துதான் தொடங்கியது.

நரம்புச் செல்லும் அதன் ஆற்றலும்

ஒளி நரம்பை எவ்வாறு மாற்றுகிறது என்பதை அறிய, நரம்புச் செல் எவ்வாறு இயங்குகிறது என்பதை முதலில் பார்ப்போம்.

நம் கால் பெருவிரலின் உணர்வைச் சுமந்து செல்லும் நரம்புச் செல்லின் உடல் பகுதி, கீழ்முதுகில் தண்டுவடத்தின் அருகே இருக்கிறது. அங்கிருந்து விரல் நுனி வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்துக்கு அதன் மெல்லிய இழை நீள்கிறது. ஓய்வில் இருக்கும்போது அச்செல்லின் உட்புறம், வெளிப்புறத்தைவிட ஏறக்குறைய 70 மில்லிவோல்ட் அளவுக்கு எதிர்மின்னழுத்தத்தில் இருக்கும். சோடியம் அயனிகளை வெளியேற்றியும் பொட்டாசியம் அயனிகளை உள்ளிழுத்தும் இயங்கும் நுண்ணிய பம்புகளே இந்நிலையைக் காக்கின்றன. தொடுதலோ வலியோ நேரும்போது இம்மின்னழுத்தம் நொடிப்பொழுதில் தலைகீழாகி, அலையாக இழை நெடுகிலும் பாய்கிறது. அதுவே நரம்புச் செய்தி.

அந்தப் பம்புகள் இயங்க எரிபொருள் தேவை. அதன் பெயர் ஏடிபி. அதில் பெரும்பகுதியைச் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் உண்டாக்குகின்றன. நரம்பு மண்டலத்தின் ஆற்றல் தேவை மிகப் பெரிது. உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது என்பதிலிருந்து இதை உணரலாம். நீரிழிவு போன்ற நோய்களில் ஆற்றல் வழங்கல் குன்றும்போது, மிக நீளமான இழைகளே முதலில் பாதிக்கப்படுகின்றன. நீரிழிவு நரம்புக் கோளாறு பெரும்பாலும் பாதங்களில் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒளி செல்லுக்குள் செய்வது என்ன?

மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிப் படியில் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்னும் நொதி இருக்கிறது. செம்பும் இரும்பும் அடங்கிய இந்நொதி, சிவப்பு, அண்மை அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சக்கூடியது. பாதிக்கப்பட்ட செல்களில் நைட்ரிக் ஆக்சைடு இந்நொதியோடு ஒட்டிக்கொண்டு அதன் வேலையைத் தடுக்கிறது. ஒளி பட்டவுடன் அது விடுபடுகிறது. நொதி மீண்டும் இயங்கி ஏடிபி உற்பத்தி கூடுகிறது. விடுபட்ட நைட்ரிக் ஆக்சைடு அருகிலுள்ள நுண் இரத்தக் குழாய்களை விரிவடையச் செய்கிறது. பரவலாகக் கூறப்படும் விளக்கம் இதுவே. இந்நொதி இல்லாத செல்களும் ஒளிக்கு எதிர்வினை காட்டியதாக 2019இல் ஓர் ஆய்வு தெரிவித்ததால், வேறு வழிகளிலும் ஒளி செயல்படக்கூடும் என்று கருதப்படுகிறது.

வலி குறைவதற்கான காரணம் இதற்கு நேர்மாறானதாகத் தோன்றலாம். நம் உடலில் வலியைச் சுமப்பவை மெல்லிய இழைகள். அவற்றுள் சி வகை இழைகளில் செய்தி நொடிக்கு 2 மீட்டருக்கும் குறைவான வேகத்திலேயே செல்கிறது. ஏ டெல்டா இழைகளில் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வரை செல்கிறது. 2007இல் ராபர்ட்டா சோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் எலிகளின் உணர்வு நரம்புச் செல்கள்மீது 830 நானோமீட்டர் லேசர் ஒளியைச் செலுத்தினர். சிறிய, நடுத்தர அளவுள்ள செல்களின் இழைகளில் மணி கோத்தாற்போல வீக்கங்கள் தோன்றின. மைட்டோகாண்ட்ரியாவின் மின்னழுத்தம் குறைந்தது. இழைக்குள் பொருள்கள் விரைந்து செல்லும் போக்குவரத்து தடைப்பட்டது. இம்மாற்றங்கள் மீளக்கூடியவையாக இருந்தன. சுருங்கக் கூறின், ஒளி வலி இழைகளைச் சிறிது காலம் மந்தப்படுத்துகிறது.

ஆக, ஒரே ஒளி ஓர் அளவில் செல்லைத் தூண்டுகிறது. இன்னோர் அளவில் அதன் வேகத்தைக் குறைக்கிறது. மருந்துக்கு அளவு இருப்பதுபோல ஒளிக்கும் அளவு உண்டு என்று நாங்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

அளவும் ஆழமும்

ஒளியின் அளவை ஜூல் என்னும் அலகால் குறிக்கிறோம். 100 மில்லிவாட் திறனுள்ள லேசரை ஓரிடத்தில் 60 நொடிகள் வைத்தால் அவ்விடத்துக்கு 6 ஜூல் ஆற்றல் செல்கிறது. மிகக் குறைந்தால் பயனில்லை. மிகுந்தால் கிடைத்த பயனும் அழிந்துவிடலாம். “கூடுதல் நேரம் வையுங்கள், சீக்கிரம் குணமாகட்டும்” என்று சிகிச்சையாளரை வற்புறுத்துவதில் நன்மை இல்லை.

அடுத்தது ஆழம். சிவப்பு ஒளியின் பெரும்பகுதி தோலின் சில மில்லிமீட்டருக்குள்ளேயே சிதறியும் உறிஞ்சப்பட்டும் விடுகிறது. அண்மை அகச்சிவப்பு ஒளி இன்னும் ஆழம் செல்லும். ஆயினும் சில சென்டிமீட்டர் ஆழத்தில் எஞ்சுவது சிறு பங்கே. மணிக்கட்டில் தோலுக்கு அருகே ஓடும் நரம்பை ஒளி எட்டுவது எளிது. இடுப்புத் தண்டுவட எலும்புகளுக்கு நடுவே நசுங்கியிருக்கும் நரம்பு வேரை எட்டுவது கடினம்.

தோலின் நிறமும் கணக்கில் கொள்ள வேண்டியது. மெலனின் என்னும் நிறப்பொருள் ஒளியை உறிஞ்சுவதால், கருநிறத் தோலில் மேற்பரப்பிலேயே கூடுதல் ஆற்றல் தங்கிவிடும். பச்சை குத்திய இடத்திலும் இவ்வாறே நிகழும். திறன் மிகுந்த கருவியைப் பயன்படுத்தினால் அவ்விடத்தில் சூடு ஏறக்கூடும்.

நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகள்

ஆய்வகத்தில் செல்லில் தெரியும் மாற்றம், நோயாளிக்குப் பயனாக மாறுகிறதா என்பதைத் தனியே சோதிக்க வேண்டும். அச்சோதனைக்குச் சிறந்த வழி, ஒரு பிரிவினருக்கு உண்மையான ஒளியும் மற்றொரு பிரிவினருக்கு ஒளி வராத போலிக் கருவியும் வைத்து, யாருக்கு எது என்பதை நோயாளியும் அளவிடுபவரும் அறியாதவாறு ஒப்பிடுவதாகும். நரம்பு வலி நாளுக்கு நாள் ஏறி இறங்கக்கூடியது. ஒருவர் அக்கறையோடு கவனிக்கும்போதே அது சற்றுத் தணிவதும் உண்டு. ஆதலால் இவ்வொப்பீடு இன்றிப் பெறப்படும் முடிவுகளை நாம் முழுமையாக நம்ப இயலாது.

கழுத்து வலி: 2009இல் லான்செட் மருத்துவ இதழ் 16 ஆய்வுகளையும் 820 நோயாளிகளையும் உள்ளடக்கிய தொகுப்பை வெளியிட்டது. திடீர்க் கழுத்து வலியில் சிகிச்சை முடிந்த உடனேயும், நாள்பட்ட கழுத்து வலியில் சிகிச்சை முடிந்து 22 வாரங்கள் வரையும் வலி குறைந்திருந்ததாக அது தெரிவித்தது. வலி தணிப்பில் இது ஊக்கமளிக்கும் முடிவு.

மணிக்கட்டு நரம்பு அழுத்தம்: கார்ப்பல் டனல் எனப்படும் இந்நோயில் லேசரின் பயனைக் காக்ரேன் குழுவினர் 2017இல் ஆராய்ந்தனர். போலிச் சிகிச்சையைவிட இது சிறந்தது என்று உறுதி கூறுமளவுக்குத் தரமான சான்று கிட்டவில்லை என்பதே அவர்தம் முடிவு. இரவில் மணிக்கட்டுப் பட்டை அணிவதும், தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை செய்துகொள்வதும் இன்றும் முதன்மையான வழிகள்.

நீரிழிவு நரம்புக் கோளாறு: இதில் நாம் கற்கும் பாடம் பெரிது. லேசருக்கு நெருங்கிய உறவான அகச்சிவப்பு ஒளி உமிழும் கருவிகளைப் பாதத்தில் வைத்தால் இழந்த உணர்வு திரும்புகிறது என்று, போலிக் கருவியோடு ஒப்பிடாத தொடக்க ஆய்வுகள் கூறின. பின்னர் 69 பேரிடம் 90 நாள்கள் போலிக் கருவியோடு ஒப்பிட்டு ஓர் ஆய்வு நடத்தப்பட்டு 2008இல் வெளியானது. தொடு உணர்விலோ, அதிர்வு உணர்விலோ, நரம்பு மின்கடத்தல் வேகத்திலோ இரு பிரிவினருக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை. அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர், நீரிழிவு நரம்புக் கோளாறுக்கு அகச்சிவப்பு ஒளிக் கருவிகளுக்குப் பணம் தருவதில்லை என்று 2006லேயே முடிவெடுத்துவிட்டது. லேசரைப் பொறுத்தவரை, வலி குறைந்ததாகச் சிறிய ஆய்வுகள் சில கூறுகின்றன. நரம்பு குணமடைந்தது என்று கூறப் போதிய சான்று இல்லை.

பக்கவாதம்: மூளையின் நரம்புச் செல்களுக்கு ஒளியால் ஆற்றல் ஊட்ட இயலுமா என்று நெஸ்ட் என்னும் பெயரில் மூன்று ஆய்வுகள் நடந்தன. பக்கவாதம் ஏற்பட்ட 24 மணி நேரத்துக்குள் தலைமீது 808 நானோமீட்டர் லேசர் ஒளி செலுத்தப்பட்டது. 120 பேரிடம் நடந்த முதல் ஆய்வு 2007இல் நம்பிக்கை தந்தது. 660 பேரிடம் நடந்த இரண்டாம் ஆய்வில் தெளிவான பயன் நிறுவப்படவில்லை. மூன்றாவது ஆய்வு, பயன் கிட்டும் வாய்ப்பில்லை என்று இடையிலேயே நிறுத்தப்பட்டது. எனவே திடீரென முகம் கோணுதல், கை கால் பலமிழத்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை நேர்ந்தால், ஒளிச் சிகிச்சையைத் தேட வேண்டாம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் தர வேண்டும். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.

இச்சிகிச்சை உறுதியாக நிலைபெற்ற துறையும் ஒன்றுண்டு. தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெறுவோருக்கும், எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெறுவோருக்கும் ஏற்படும் கடுமையான வாய்ப்புண்ணைத் தடுக்கக் குறையாற்றல் லேசர் பன்னாட்டு வழிகாட்டுதல்களில் பரிந்துரைக்கப்பட்டுள்ளது. ஆதலால் இம்முறையையே ஏமாற்று என்று ஒதுக்குவதும் சரியன்று. எந்த நோய்க்கு, எந்த அளவில் என்பதே கேள்வி.

வலி குறைவது வேறு, நரம்பு குணமாவது வேறு

நாங்கள் மிகவும் வலியுறுத்த விரும்புவது இதனையே. வெட்டுண்ட நரம்பு மீண்டும் வளரும் வேகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். இரு வாரங்களில் ஏறத்தாழ 14 மில்லிமீட்டரே வளரும். ஆகவே பத்து ‘சிட்டிங்’ முடிவில் பாத எரிச்சல் குறைந்திருந்தால், வலி இழைகள் மந்தமடைந்திருக்கலாம். நரம்பு புதிதாக வளர்ந்துவிட்டது என்று பொருள் கொள்ளலாகாது.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. பாதத்தில் எரிச்சல் தணிந்ததும், “நோய் போய்விட்டது” என்று எண்ணிச் சிலர் செருப்பின்றி நடக்கத் தொடங்குகின்றனர். பாதத்தைப் பார்ப்பதை விட்டுவிடுகின்றனர். உணர்வு குறைந்த பாதத்தில் முள் குத்தினாலும், செருப்பு கடித்தாலும், சுடுதரை பட்டாலும் தெரியாது. தெரியாமல் வளரும் அப்புண்ணே பின்னர் விரலையோ காலையோ இழக்கும் நிலைக்குக் கொண்டுசெல்கிறது. வலி இல்லாத பாதம் நலமான பாதம் என்று கொள்ள வேண்டாம். நைலான் இழையால் தொட்டும், இசைக்கவையின் அதிர்வால் சோதித்தும் பார்த்த பின்னரே உணர்வின் நிலையை நாங்கள் கூற இயலும். இச்சோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும், வலியும் இராது.

யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

குறையாற்றல் லேசரால் கடுமையான தீங்குகள் அரிது. எனினும் கீழ்க்காண்பவற்றைச் சிகிச்சையாளரிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

கண்: லேசர் ஒளி நேராகக் கண்ணில் பட்டால் விழித்திரை கெடக்கூடும். அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாததால் இமை தானாக மூடாது. நோயாளி, சிகிச்சையாளர், அறையில் இருக்கும் உறவினர் அனைவரும் உரிய கண்ணாடி அணிய வேண்டும்.

புற்றுநோய்: கட்டி உள்ள இடத்தின்மீது, புற்றுநோய் மருத்துவரின் ஒப்புதலின்றி வைக்கலாகாது.

கர்ப்பம்: கருவுற்ற பெண்களின் வயிற்றுப் பகுதியில் தவிர்க்க வேண்டும்.

மருந்துகள்: தோலை வெயிலுக்குக் கூசச் செய்யும் மருந்துகளை உட்கொள்வோர் அதனைக் கூற வேண்டும்.

மரத்துப்போன பாதம்: 500 மில்லிவாட்டுக்கு மேற்பட்ட நான்காம் வகைக் கருவிகள் தோலைச் சூடேற்றும். உணர்வு குன்றியவருக்குச் சூடு தெரியாமலேயே தோல் வெந்துவிடக்கூடும்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

1. என் நோய் என்னவென்று உறுதி செய்யப்பட்டுவிட்டதா? மரத்துப்போதலுக்கு நீரிழிவு மட்டுமன்றி வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைபாடு, மது, தொழுநோய் போன்றவையும் காரணமாகலாம். மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்வோருக்கு பி12 குறையக்கூடும். இவற்றுக்கு உரிய மருந்து இருக்கிறது. காலம் தாழ்த்தினால் இழப்பு நமக்கே.

2. இச்சிகிச்சையின் நோக்கம் வலியைக் குறைப்பதா, உணர்வைத் திருப்பித் தருவதா? இரண்டாவதை உறுதியளிப்பவரிடம் சான்று கேளுங்கள்.

3. கருவியின் அலைநீளம் என்ன, திறன் என்ன, ஒவ்வோர் இடத்திலும் எத்தனை ஜூல்? பயிற்சி பெற்ற பிசியோதெரபி நிபுணர் இவற்றுக்குத் தயங்காமல் விடை கூறுவார்.

4. எத்தனை ‘சிட்டிங்’ கழித்துப் பயன் உண்டா என்று மதிப்பிடுவீர்கள்? பயனில்லையெனில் நிறுத்துவீர்களா?

இவற்றுக்குத் தெளிவான விடை கிடைத்து, உங்கள் மருத்துவரும் உடன்பட்டால், வலி தணிப்புக்கான துணைச் சிகிச்சையாக லேசரை முயன்று பார்ப்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. தொடங்கும் நாளிலிருந்து, வலியின் அளவைப் பூஜ்யம் முதல் பத்து வரையான எண்ணாக நாள்தோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். நினைவைவிட அக்குறிப்பு நம்பத்தக்கது.

துணைச் சிகிச்சை முதன்மைச் சிகிச்சையின் இடத்தைப் பிடிக்கலாகாது. இரத்தச் சர்க்கரைக் கட்டுப்பாடும், மருத்துவர் எழுதித் தந்த டுலோக்செடின், பிரெகாபலின், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகளும் தொடர வேண்டும். வலி குறைந்தாலும் இம்மருந்துகளைத் திடீரென நிறுத்த வேண்டாம். அளவை எவ்வாறு படிப்படியாகக் குறைப்பது என்பதை நாங்கள் கூறுவோம். குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: ஒவ்வோர் இரவும் உறங்குமுன் நோயாளியின் இரு பாதங்களையும், விரலிடுக்குகளையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். சிவப்போ, கொப்புளமோ, புண்ணோ தென்பட்டால், வலி இல்லையென்றாலும், மறுநாளே அழைத்து வாருங்கள்.